பானெட்டைத் திறக்கும் ஓட்டுநர்

மெக்கானிக் ஒரு காரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார், மிஞ்சிப்போனால் இரண்டு முறை. அதுவும் அரை நாள். மற்ற நாளெல்லாம் காரோடு இருப்பவர் ஓட்டுநர்தான். பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே இரவில் வருவதில்லை. டயரில் காற்று சிறுகச் சிறுக இறங்குகிறது. கூலன்ட் ஏதோ ஒரு குழாய் முனையில் துளித்துளியாகக் கசிகிறது. பிரேக் பேடு தேயத் தேயக் கீச்சிடத் தொடங்குகிறது. இவற்றை முதலில் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வாய்ப்புள்ளவருக்கு அவற்றின் பொருள் தெரியாமல் போனால், ஒரு ரப்பர் குழாயை மாற்றி முடிக்க வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் வேலையாக வளர்ந்துவிடும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வகுத்த பாடத்திட்டத்தில் வாகனத்தின் இயக்கத்தையும் பழுதுநீக்கத்தையும் ஒரு தனிப் பகுதியாகவே சேர்த்திருக்கின்றன. நடைமுறையில் பயிற்சி கிளட்ச், கியர், ரிவர்ஸ் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. லைசென்ஸ் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஓட்டியும் பானெட் திறக்கும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுபவர்கள் உண்டு. ஆயுத பூஜைக்குக் காரைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும் அக்கறையில் கால்வாசி, மாதம் ஒருமுறை பானெட்டுக்கு அடியில் போனால் போதும். அதற்கு இருபது நிமிடம் ஆகும்.

டயர்

தொடங்க வேண்டிய இடம் இன்ஜின் அல்ல, டயர். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது, டயருக்கு ஓர் உள்ளங்கை என்ற கணக்கில் நான்கு உள்ளங்கை அகலத்தில்தான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் செய்வதெல்லாம் அந்த இடத்தின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர்கிறது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். சிறிய, நடுத்தரக் கார்களுக்கு இது பெரும்பாலும் 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் வரும். ஆள் நிறைய ஏறி, சாமானும் ஏற்றினால் பின் டயர்களுக்குக் கூடுதல் அளவு அதே தாளில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம்தான் அது, நிரப்ப வேண்டிய அளவு வேறு.

தாளில் உள்ள அளவு டயர் ஆறியிருக்கும் நிலைக்கானது. காலையில் எடுத்தவுடன், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள பங்கில் பார்ப்பதே சரி. நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், ஆறிய பிறகு அந்த டயர் குறைவான காற்றோடு நிற்கும்.

இங்கே நெடுநாளாக நிலவும் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். கோடையில் காற்று விரிவடையும், அதனால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்தே வைக்க வேண்டும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவது போல அந்தச் சுவரும் சூடேறுகிறது. சித்திரை வெயிலில் தகிக்கும் தார்ச்சாலையும் நூறு கிலோமீட்டர் வேகமும் அதோடு சேரும்போது ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் உள்ள பிடிப்பு விட்டு டயர் வெடிக்கிறது. கோடையில் காற்று சரியாக இருப்பது மற்ற மாதங்களைவிட முக்கியம். நைட்ரஜன் நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். எதை நிரப்பினாலும் மாதம் ஒருமுறை அளந்துதான் ஆக வேண்டும்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். ஓரத்தில் டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ ஒரு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். சட்டப்படி அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மழைக்காலத்துக்கு அதுவே தாமதம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் சக்கரத்தின் அடியிலிருந்து தண்ணீர் வெளியேறும், இல்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் வழுக்கி மிதக்கும்.

தேய்ந்திருக்கும் விதமும் ஒரு செய்தி. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. டயரின் வயதும் சுவரிலேயே இருக்கிறது: டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். புது டயர் என்று விற்கப்படுவது கடையில் எத்தனை ஆண்டு படுத்திருந்தது என்பதை இதைப் படிக்கத் தெரிந்தவர் நொடியில் கண்டுபிடிப்பார். குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடிப்பு விட்டுக் கெடுவது உண்டு.

ஆயில்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கிய பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல்முறை உருவியதில் தெரிவது கணக்கில்லை. இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் போதும். பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதிதான். சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் உயவிடாது.

ஆயில் கறுத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்புகள் ஏராளம். கரியைத் தன்னோடு இழுத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். மாற்றும் நேரத்தைத் தீர்மானிப்பது கையேடு. பெட்ரோல் கார்களில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முன்னால் வருகிறதோ அது என்பதே பரவலான கணக்கு. கவலைப்பட வேண்டிய நிறம் வேறு: ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் கார் அங்கிருந்து நகரக் கூடாது.

கூலன்ட்

கோடை நெரிசலில் ஓரமாகப் பானெட்டைத் தூக்கி, ஆவி பறக்க நிற்கும் கார்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டவை. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது திரவம் இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அது மூடிய சுற்று, தானாகக் குறையாது. மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது. காருக்கு அடியில் ஈரமும், லேசான தித்திப்பு வாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் சொட்டும் வெறும் தண்ணீரைப் பார்த்துப் பதற வேண்டாம், அது ஏசியின் ஈரம்.

பலர் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். தமிழ்நாட்டின் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிந்து, நாளடைவில் வழியை அடைத்துவிடும். கூலன்டில் பாதியளவு இருக்கும் எத்திலீன் கிளைகால் கொதிநிலையை உயர்த்துகிறது, அதோடு சேர்த்திருக்கும் பொருள்கள் துருவைத் தடுக்கின்றன. கலக்க வேண்டிய தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிறோமே, அந்தக் காய்ச்சி வடித்த தண்ணீர். நடுவழியில் வேறு வழியில்லாமல் சாதாரணத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் தப்பில்லை. ஊர் சேர்ந்ததும் முழுவதையும் வடித்து மாற்றிவிட வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகைக் கூலன்டைக் கலப்பதும் தவறு.

வெப்பமுள் ஏறத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒரு வரிசை. முதலில் ஏசியை அணைக்க வேண்டும். ஹீட்டரை முழு வேகத்தில் திறந்தால், வெயிலில் அது கொடுமையாகத் தோன்றினாலும், இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். அதற்குள் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். உள்ளே உள்ள திரவம் நூறு டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தத்தால்தான். மூடி கழன்ற அடுத்த நொடி அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். குக்கரின் வெயிட்டை விசில் நடுவில் பிடுங்காதவர்கள் ரேடியேட்டர் மூடியை மட்டும் துணியைச் சுற்றித் திருகப் பார்ப்பது வியப்புக்குரியது.

பிரேக்

பிரேக் ஆயில் என்று எல்லாரும் சொன்னாலும் அது எண்ணெய் வகையைச் சேர்ந்ததல்ல. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். கடலோர ஊர்களில் அதற்கு ஈரம் தாராளமாகக் கிடைக்கும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு நடுவில் தெரியவரும்: திரவம் கொதித்துக் குமிழி விட, பெடல் பஞ்சு போலத் தரை வரை போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் ஒரே பாடத்தின் இரண்டு பாதிகள்.

தொட்டியில் அளவு மெல்லக் குறைவது பேடு தேய்வதன் அடையாளம். மேலே ஊற்றி மறைப்பதைவிடப் பேடைப் பார்க்கச் சொல்வதே முறை. பல பேடுகளில், தேய்ந்த பின் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கீச்சு கரகரப்பாக மாறும்வரை காத்திருந்தால் பேடோடு டிஸ்க்கையும் மாற்ற வேண்டிவரும்.

பேட்டரி

வெயில் ஊர்களில் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்தால் திருப்திப்படலாம். சாவியைத் திருப்பும்போது செல்ஃப் சோம்பலாக இழுப்பதும், ஹார்ன் கம்மிப்போவதும் அது விடைபெறத் தயாராவதற்கான அறிகுறிகள். சிறிய மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் தெளிவு: இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்டினால் ஆல்டர்னேட்டரும் நலம். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து எடுக்கலாம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இந்த வரிசையில் செய்தால் ஸ்பேனர் தவறிப்போய் உடம்புத் தகட்டில் பட்டாலும் பொறி பறக்காது.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது சிவப்புக் கம்பி இறந்த பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்; மறுமுனை இறந்த காரின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் ஒரு பொறி வரக்கூடும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும்.

விளக்குகள் சொல்வது

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தால் வேலையை முடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். சிவப்பு வந்தால் ஓரம் கட்ட வேண்டும். சிவப்பில் ஆயில் கிண்ணம் எரிவதுதான் மிகக் கொடியது. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்கிறது அது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால், அந்த இரண்டு கிலோமீட்டரில் பேரிங்குகள் போய்விடும். பேட்டரி விளக்கு ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 டீசல் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் தனி. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிரம்பிவிட்டது என்பதே அதன் செய்தி. தினமும் பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் வடிகட்டி தன் கரியை எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடாவதே இல்லை. புறவழிச்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு தானே அணையும்.

மழையும் வெள்ளமும்

ஐப்பசிக்கு முன்பே வைப்பரை மாற்றிவிட வேண்டும். ஆறு மாத வெயிலில் அதன் ரப்பர் விறைத்திருக்கும். முதல் மழை இரவில்தான் பலருக்கு அது தெரியவருகிறது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் பல ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரு பாடத்தை விலை கொடுத்துக் கற்பித்தன. தண்ணீரில் நின்ற காருக்குத் தண்ணீர் செய்யும் சேதம் ஒன்று. வடிந்த பிறகு உரிமையாளர் சாவியைத் திருப்பிச் செய்யும் சேதம் இன்னொன்று, அதுவே பெரும்பாலும் பெரியது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் இடம் கொடுக்க வேண்டியது கனெக்டிங் ராடுதான், அது வளைந்துவிடும். இப்படி வரும் இன்ஜின் சேதத்தைச் சாதாரணக் காப்பீட்டில் ஏற்பது அரிது. அதற்கென்றே இன்ஜின் பாதுகாப்பு என்று தனிச் சேர்க்கை விற்கிறார்கள். ஆகவே மூழ்கிய காரில் சாவியைத் தொடாமல், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, படமெடுத்து வைத்துக்கொண்டு, ரெக்கவரி வண்டியை அழைப்பதோடு ஓட்டுநரின் பங்கு முடிகிறது. ஓடும்போது தண்ணீரில் அணைந்த காருக்கும் இதே விதி. சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவில் இறங்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு. தண்ணீரைக் கடந்து வந்தவர் நான்கைந்து முறை மெல்ல பிரேக் மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டு வேகம் எடுக்க வேண்டும்.

ஸ்டெப்னி

கூடுதல் சக்கரத்துக்கு நம் ஊரில் வழங்கும் இந்தப் பெயர் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்திலிருந்து வந்தது. கார்கள் உதிரிச் சக்கரமின்றி விற்கப்பட்ட காலத்தில், 1904 வாக்கில், அங்குள்ள ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் உதிரி விளிம்பு ஒன்றைச் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் அந்தப் பெயர் மறைந்தது, இங்கே தங்கிவிட்டது. பெயர் தங்கிய அளவுக்குக் காற்று தங்குவதில்லை. டிக்கியின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஸ்டெப்னி, வேண்டிய நாளில் பஞ்சரான டயரைவிட மோசமாக இருக்கும். மாதாந்திரக் காற்றுச் சோதனை ஐந்து சக்கரத்துக்கும்தான்.

சக்கரம் மாற்றுவதை முதன்முறை இரவில், நெடுஞ்சாலை ஓரத்தில் கற்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒத்திகை பார்ப்பது நல்லது. கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு கையால் அசையாது என்பதும், ஸ்பேனரில் கால் வைத்து அமுக்க வேண்டும் என்பதும், அலாய் சக்கரப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். ஆட்களை இறக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, மூலைவிட்டமாக எதிரில் உள்ள சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சரியும். ஜாக்கி வைக்கும் இடம் கதவின் அடிவிளிம்பில் வெட்டுக்குறியாகக் காட்டப்பட்டிருக்கும். தூக்கிய காரின் அடியில் கையைக்கூட விடக் கூடாது. புதுச் சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, காரை இறக்கிய பின் இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மெலிந்த தற்காலிகச் சக்கரம் என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் 80 கிலோமீட்டர் வேக வரம்பை மீறாமல் பஞ்சர் கடையை அடைய வேண்டும்.

தொடக் கூடாதவை, சொல்ல வேண்டியவை

ஏர்பேக் சார்ந்த எதையும், ஏசி வாயுக் குழாய்களையும் வீட்டில் திறக்கக் கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும். மின்சாரக் காருக்கு இன்ஜின் ஆயில் இல்லை என்பதால் கவனமே வேண்டாம் என்றில்லை. டயரும், பிரேக் திரவமும், பெரும்பாலானவற்றில் கூலன்டும், ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியும் அதிலும் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் எந்தக் காரிலும் எலி கம்பியைக் கடிப்பதும் உண்டு. பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அதன் புழுக்கைதான்.

மீதியை மெக்கானிக்கிடம் விடும்போது சொல்லும் விதமும் பராமரிப்பில் சேரும். “ஏதோ சத்தம் வருது” என்றால் அவர் தேட வேண்டிய இடம் கார் முழுவதும். “ஸ்டீயரிங்கை முழுசா வலப்பக்கம் ஒடிச்சு மெதுவா எடுக்கும்போது முன்சக்கரத்துக்கிட்ட டக்டக்குனு கேக்குது, நேரா போனா இல்ல” என்றால் அவர் நேராக ஆக்சில் முனையிலுள்ள சிவி ஜாயின்ட்டுக்குப் போவார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டு போதும்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு. காரை விற்கும் நாளில், வாங்க வந்தவர் பானெட்டைத் தூக்குவதற்கு முன் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்.